பிரேக் இல்லாத ஜீப்

கடலில் முங்கி எழுந்த ஜீப் ஒன்றை "தங்கமான வாகனம்" என்று சொல்லி நான் விற்றிருக்கிறேன். நம் வாகன சேலில் புதிதாக விற்பனைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமார் என்னைப் பற்றி முதலில் அறியவேண்டியது இதுதான். "றபீக் காக்கா எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதன் நோய் சொல்லுவார்" என்று முதலாளி உங்களிடம் பெருமையாகச் சொன்னாராம். அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசியை நானே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் இப்போது எஸ்.யூ.வி. என்கிறீர்கள். எங்கள் காலத்துக் கல்முனையில் நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்து நின்றால் எல்லாமே ஜீப்தான். சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலைக்கு வந்தவர்களின் வெள்ளை ஜீப்புகள் எங்கள் வீதிகளில் இரவும் பகலும் ஓடின. அவற்றைப் பார்த்துப் பார்த்து ஊரில் பாதிப் பேருக்கு ஜீப் ஆசை பிடித்துவிட்டது. குடும்பம் ஏறக்கூடிய சின்ன ஜீப், பழையது என்றாலும் பரவாயில்லை என்று கேட்டு வருவார்கள். எங்களிடம்தான் வாகனம் இல்லை.

அந்த நேரத்தில் வேறு மாவட்டத்திலிருந்து ஒரு தரகர் நீல நிற ஜீப் ஒன்றைக் கொண்டுவந்தார். புது சீட் உறை, புதுக் கம்பளம், உள்ளே கமகமவென்று அத்தர் வாசனை. நான் எஞ்சினைப் பார்த்தேன், கியரைப் பார்த்தேன், அடியில் படுத்துப் பார்த்தேன். எல்லாம் சரி. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டபோது அத்தருக்குப் பின்னால் இன்னொரு வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. கடற்கரையில் எங்கள் வீடு இருந்த இடத்தில், கிணறு மட்டும் மிஞ்சியிருந்த அந்த வளவில், மாதக்கணக்காக மணந்த வாடை. என் ராத்தாவை, கூடப்பிறந்த மூத்த அக்காவைத் தேடித் திரிந்த மூன்று நாளும் மூக்கை விட்டுப் போகாத வாடை. நான் தலையை வெளியே எடுத்துவிட்டேன். "வாகனம் நல்லம்" என்றேன்.

அக்கரைப்பற்றில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் அதை வாங்கிப்போனார். மாரி தொடங்கியதும் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஹோர்ன் அடிச்சா வைப்பர் ஓடுது. வைப்பரப் போட்டா கண்ணாடி இறங்குது. மழைக்குள்ள நான் என்னத்தத்தான் அமத்துற?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டேஷ்போர்ட்டைக் கழற்றினோம். உள்ளே வயர்களெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு, உப்பு வெள்ளை. முதலாளி என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஜீப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டார். எனக்கு அது தெரியாமல் நடந்த பிழை அல்ல, தெரிந்தும் தெரியாதது போல இருந்த பிழை. அறிய விரும்பாததை நம் மூக்கு கூட மறைத்துவிடும். கவனமாக இருங்கள்.

அதன் பிறகு ஒரு வாகனமும் என்னை ஏமாற்றவில்லை. பெல்ட்டை இழுப்பேன், கம்பளத்தைக் கிளப்புவேன், ஸ்டெப்னி டயர் கிடக்கும் பள்ளத்தில் விரலை விட்டு மண் தேடுவேன். கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. வாகனத்தைப் படிக்கத் தெரிந்தால் காணும், வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தவர் ஆதம்பாவா போடியார்.

போடியார் என்றால் எங்கள் பக்கம் நிறைய வயல் உள்ளவர். இவருக்குச் சாகாமத்தில் குளத்துக்குக் கீழே வயல். யுத்தம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கோடையில் செய்யும் சின்னப் போகம் நல்ல விளைச்சல். சோதனைச் சாவடிகளில் இறங்கி நடக்கும் கரைச்சல் குறைந்து, ஊர் முழுக்க எங்கே போவோம் எங்கே போவோம் என்று துடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு பின்னேரம் போடியார் மனைவி ஹபீபா டீச்சருடனும் மூத்த மகள் ஸஹ்லாவுடனும் வந்தார். டீச்சர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். மகள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இளையவர்கள் இரண்டு பேர் வீட்டில்.

"புதுசு ஒண்டு வேணும் தம்பி" என்றார் போடியார். "சின்ன ஜீப். குடும்பம் அஞ்சு பேரும் ஏறி யாழ்ப்பாணம் வரைக்கும் போகணும்."

அவர் கேட்ட இனத்தில் புதியது என்றால் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதே இனத்தில் மூன்று வருடம் ஓடிய சாம்பல் நிற ஜீப் ஒன்று எங்களிடம் நின்றது. இடமாற்றம் கிடைத்துப்போன டொக்டர் ஒருவருடையது. ஒட்டோ கியர், தானாகவே மாறிக்கொள்ளும். எண்ணெய் ஒழுக்கு இல்லை, தட்டிய இடம் இல்லை. ஓட்டிப் பார்க்க அதைக் காட்டினேன்.

"இதே காணுமே" என்றார் டீச்சர் உடனே. "புதுசெண்டா ஒரு கீறல் விழுந்தா உங்களுக்கு ரெண்டு நாளைக்குச் சோறு இறங்கா. இதுல ஏற்கனவே ரெண்டு கீறல் இரிக்கி."

"கியர் இல்லாத வண்டி ஆம்புளைக்கா?" என்றார் போடியார்.

"கியர் மாத்துற கைய வச்சிக்கிட்டு வேற வேல பாக்கலாம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இடையில் புகுந்து புதியதற்கு உத்தரவாதம் உண்டு, பழையதற்கு விலை குறைவு, பாகம் கிடைப்பது இரண்டுக்கும் ஒன்றுதான் என்றெல்லாம் அடுக்கினேன். போடியார் ஜீப்பைக் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். வர்ணப் படங்கள் உள்ள தாளைக் கொடுத்தேன். வாங்கி அப்படியே மனைவியிடம் நீட்டி "நீ வாசி" என்றார். நிறங்களைக் காட்டினால் "எது வெளிச்சமான கலர்?" என்று கேட்டார். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பணம் உள்ள மனிதர், பெருந்தன்மை என்று நினைத்தேன்.

ஓடிப் பார்க்கப் புறப்பட்டோம். போடியார் ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், டீச்சரும் மகளும் பின்னால். அவர் இளமையில் லொறி ஓட்டியவர். கால் பதமாக வேலை செய்தது. சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஒரே சீராகப் போனார். ஆனால் பின்னால் இருந்து டீச்சரின் வாய் ஓயவில்லை.

"இடப் பக்கம் மாடு ஒண்டு நிக்கிது. அந்தா, ஆட்டோ ஒண்டு வெளிக்கிடுது. கொஞ்சம் மெதுவா. பள்ளம் வருது."

நிந்தவூரில் பஸ் நின்றது. நாங்கள் அதைத் தாண்டி வயல் வெளிக்குள் இறங்கினோம். டீச்சரின் குரல் இன்னும் கூடியது. எனக்குப் போடியார் மேல் இரக்கம் வந்தது. விற்கிறவன் வாங்குகிறவரின் பக்கம் நிற்கவேண்டும் என்ற நினைப்பு வேறு. திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"டீச்சர், இது வகுப்பில்ல. போடியார அவர்ட பாட்டுல ஓட விடுங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். கணவரின் பிடரியைப் பார்த்தார். அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை.

ஒரு நிமிடம் போயிருக்காது. வீதியின் இடப் பாதியில் பாய் விரித்து நெல் காயப் போட்டிருந்தார்கள். முன்னால் சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிப்போன ஒருவர் நெல்லை மிதிக்காமல் நடு வீதிக்கு விலகினார். நல்ல வெயில், நேர் வீதி. எனக்குச் சைக்கிள் தெரிகிறது. போடியாரின் கால் அசையவில்லை. இப்போது அமத்துவார், இப்போது அமத்துவார் என்று பார்த்தேன். அமத்தவில்லை. கை பிரேக்கை இழுத்து, மற்றக் கையால் ஸ்டியரிங்கை என் பக்கம் திருகினேன். ஜீப் நெல்லுக்குள் பாய்ந்து வழுக்கி, பாயைச் சுருட்டிக்கொண்டு வயல் ஓரத்தில் நின்றது. சைக்கிள்காரர் பயத்தில் தானாகவே விழுந்தார். அவருக்கு மேலே புல்லுக்கட்டு.

இறங்கி ஓடினேன். அல்லாஹ்வின் காவல், ஒரு சிராய்ப்பும் இல்லை. அவர் காரைதீவுக்காரர், தம்பிராசா என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். எழும்பிய வேகத்தில் நேரே டிரைவர் கதவருகே போய்க் கத்தினார்:

"கண் தெரியல்லையா உனக்கு?"

போடியார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் பின் கதவுக் கண்ணாடி வழியாக டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கான பதில் அந்த முகத்தில் இருந்தது. தாளை வாசிக்காதது, ஜீப்பைத் தடவியது, பஸ்ஸின் பின்னாலேயே போனது, ஓயாத அந்தப் பேச்சு, எல்லாம் ஒரே நொடியில் எனக்கு விளங்கியது. அந்த மனிதருக்குக் கண்ணாக இருந்தவரின் வாயைத்தான் நான் பகிடி பண்ணி மூடியிருந்தேன்.

நெல் காயப் போட்ட பெண் ஓடிவருகிறார். வயலில் இருந்து ஆட்கள் ஏறி வருகிறார்கள். மகள் பக்கத்தில். போடியாரைத் தெரிந்தவர்கள் அதில் இருக்கலாம். தம்பிகளே, யோசிக்க நேரம் தராத இடங்கள் நம் தொழிலில் வரும். அப்போது வாயில் வருவதுதான் நாம்.

"பிரேக் பிடிக்கல்ல" என்றேன் உரத்து. "அவர்ட பிழை இல்ல. வண்டி எங்கட. நான்தான் சரியாப் பாக்கல்ல."

"பிரேக் இல்லாத ஜீப்பையா ரோட்டுக்குக் கொண்டுவந்த?" என்று தம்பிராசா என் பக்கம் திரும்பினார். நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

பிறகு எல்லோருமாக நெல்லைக் கூட்டினோம். டீச்சரும் மகளும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார்கள். திட்டி முடித்த தம்பிராசாவும் சேர்ந்துகொண்டார். போடியார் இறங்கி வந்து நெல்லில் குந்தி, ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.

"இது இன்னும் காயல்ல புள்ள. நாளைக்கும் ஒரு வெயில் வேணும். இப்ப மில்லுக்குக் கொண்டுபோனா குருணைதான்" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவர் சொன்னதை அந்தப் பெண்ணும் ஒரு மணி கடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். கோபம் ஆறிவிட்டது. ஒரு குண்டான் தண்ணீர் கூடக் கொடுத்தார்.

அங்கிருந்து நான்தான் ஓட்டினேன். ஒலுவிலில் கடலோரமாக ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினேன். டீச்சரும் மகளும் துறைமுக வேலை நடப்பதைப் பார்க்கப் போனார்கள். போடியார் பால் இல்லாத பிளேன்ரீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"பிரேக் நல்லம்தானே?"

"ஓம்."

"ஏன் பொய் சொன்ன?"

"எத்தின நாளா போடியார்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ரெண்டு வருசம். சீனி வருத்தம், டயபிட்டிஸ். நேரா பாக்கிற இடத்துல புகை மாதிரி. ஓரத்தால எல்லாம் தெரியும். பெரிய சாமான் தெரியும். எழுத்துத் தெரியா, முகம் தெரியா." பிறகு மெல்லச் சிரித்தார். "முப்பது வருசமா ரோட்டப் பூட்டி வச்சிருந்தானுகள் தம்பி. இப்பதான் திறந்திருக்கி. அதுக்குள்ள என்ட கண்ணு பூட்டுது. கொஞ்சம் மிச்சம் இருக்கைக்க புள்ளயளக் கூட்டிட்டு நாட்ட ஒருக்கா பாத்திரணும் எண்டுதான்."

அந்த நேரத்தில் "சரி போடியார், எடுத்துக்கொண்டு போங்க" என்று சொல்வது எவ்வளவு லேசு தெரியுமா? இரக்கத்தில் செய்கிற பிழையும் பிழைதான். சைக்கிளில் போன மனிதனின் முதுகு என் கண்ணில் நின்றது.

"போடியார், இந்த ஜீப்ப உங்களுக்கு நான் விக்கமாட்டன். புதுசும் எடுத்துத் தரமாட்டன். டீச்சருக்கெண்டா விப்பன்."

"அவ எங்க ஓட்டுற?" என்றார். பிறகுதான் நான் சொன்னதன் மற்றப் பாதி அவருக்கு உறைத்தது போல. எழுந்துவிட்டார். "கல்முனையில வேற சேல் இல்லயா?" என்றார். மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். மூன்று பேரும் வீதியைக் கடந்து பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். நான் தனியே ஜீப்பைக் கொண்டு திரும்பினேன்.

இரண்டு நாளில் கதை கல்முனைச் சந்தைக்கு வந்துவிட்டது. தம்பிராசா தன் கடமையைச் செய்திருந்தார். "பிரேக் இல்லாத ஜீப் இன்னும் நிக்கிதா?" என்று கேட்டுக்கொண்டே ஆட்கள் வந்தார்கள். வாங்க வந்தவர்கள் சாம்பல் நிற ஜீப்பை விட்டுத் தள்ளி நின்று மற்ற வாகனங்களைப் பார்த்தார்கள். ஒருவர் அது தானாக உருண்டுவிடும் என்று பயந்து டயருக்குக் கல் வைத்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"றபீக், என்ட ஜீப்புக்கு பிரேக் இல்லயா?"

"இரிக்கி முதலாளி."

"அப்ப ஏன் நீயே இல்லயெண்ட?"

"அது ஒரு மனிசன்ட சங்கதி. கேக்காதீங்க."

முதலாளி என்னை உற்றுப் பார்த்தார். நீல ஜீப்பின்போது பார்த்த அதே பார்வை. "சரி. இத நீதான் வித்துத் தரணும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று கிழமை ஜீப் வெயில் காய்ந்தது. மற்ற சேல்களில் போடியார் ஏதும் வாங்கிவிட்டாரா என்று தினமும் விசாரித்தேன். இல்லை என்றார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம், ஹபீபா டீச்சர் தனியே வந்தார். கைப்பையைத் திறந்து மேசையில் ஒன்றை வைத்தார். சாரதி அனுமதிப்பத்திரம். அவருடைய படம், அவருடைய பெயர்.

"பத்து வருசத்துக்கு முந்தி எடுத்த. டீச்சர் டிரெய்னிங்ல இருக்கைக்க கூட்டாளிமாரோட சேந்து பழகினன். மறுகா ஒரு நாளும் ஓடல்ல. ஊர் வாய்க்குப் பயம்."

"போடியாருக்குத் தெரியுமா?"

"லைசன் இருக்கிறது தெரியும். நான் இஞ்ச வந்தது தெரியா. களவாப் பழக்கிவிடுங்க றபீக் காக்கா, மறுகா சொல்லிக்கொள்ளுவம்."

எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு பொய்க்கே இவ்வளவு பாடு. "அது ஏலா டீச்சர். அவருக்குத் தெரியாம நீங்க ஓடினா, ஊரே முதல்ல போய் அவருக்குச் சொல்லும். அது அவருக்கு இன்னும் நோகும். வாங்க, முதல்ல ஓடிக் காட்டுங்க."

சேலின் பின் வளவில் நாலு சுற்று ஓடவிட்டேன். சீட்டை உயர்த்திவிட்டதும் முன் முனை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒட்டோ கியர் என்பதால் காலுக்கு வேலை குறைவு. கொஞ்சம் பயம், ஆனால் கவனம் இரண்டு மடங்கு. இத்தனை நாள் வேறொருவருக்காக வீதி பார்த்துப் பழகிய கண் அல்லவா? புதியதற்கும் பழையதற்கும் இடையில் அவர் முதல் நாளே ஏன் இதைத் தேர்ந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சண்டையெல்லாம் ஒரு கீறலுக்காக அல்ல. தனக்கு ஓட்டக்கூடியது எது என்று அவர் அன்றே பார்த்து வைத்துவிட்டார். என்னிடம் சொல்லத்தான் வழி இருக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவரைப் பக்கத்தில் இருத்தி, ஜீப்பை அவர்கள் தெரு முனை வரை நான் ஓட்டினேன். அங்கே அவர் ஸ்டியரிங்குக்கு மாறினார், நான் பின் சீட்டுக்குப் போனேன். டீச்சர் பிஸ்மி சொல்லிக்கொண்டு வீட்டு வாசல் வரை ஓட்டிவந்து ஹோர்ன் அடித்தார். போடியார் வெளியே வந்தார். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மதிலுக்கு மேலால் தலைகள். மூன்று பிள்ளைகளும் ஓடிவந்து வாசலில் நின்றுவிட்டார்கள்.

"யார் ஓடி வந்த?" என்றார் போடியார். எஞ்சின் வந்து நின்ற விதத்தில் அது நான் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நான்தான்" என்றார் டீச்சர். "வாங்க, கடையடிக்குப் போயிட்டு வருவம்."

போடியார் அசையவில்லை. அந்தத் தெருவில் எந்த ஆணும் மனைவி ஓட்டும் வாகனத்தில் ஏறியதை யாரும் கண்டதில்லை. அவருக்கு முகங்கள் தெரியாது. ஆனால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். நான் பின் சீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லலாமா என்று நாக்கு வரை வந்தது. முந்தி ஒரு முறை சொல்லிக் கெடுத்தது ஞாபகம் வந்து விழுங்கிவிட்டேன்.

"வாப்பா, ஏறுங்க" என்றாள் கடைக்குட்டி. "நீங்க ஏறாட்டி நாங்க எப்பிடி ஏறுற?"

போடியார் சாரத்தை மடித்துக் கட்டினார். கையால் தடவிக் கதவைப் பிடித்து முன் சீட்டில் ஏறி, தெருவுக்கே கேட்கும்படி சாத்தினார். இளையவர்கள் இருவரும் என் மடியில் பாதியும் சீட்டில் பாதியுமாக விழ, ஸஹ்லா ஓரமாக ஏறிக்கொண்டாள். ஜீப் புறப்பட்டது. பத்து அடி போகவில்லை, ஒரு கோழி குறுக்கே ஓடியது. டீச்சர் ஒரே மிதியாக மிதித்து நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் முன்னால் போய் மோதிக்கொண்டோம்.

போடியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"பிரேக் இரிக்கி போல."

அன்று அந்த ஜீப்புக்குள் எழுந்த சிரிப்பு தெரு முனை வரை கேட்டிருக்கும். டீச்சர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடத் தொடங்கினார்.

அடுத்த நாளே எடுத்தார்கள். போடியார் பேரம் பேசினார் பாருங்கள், "ஊர் முழுக்கப் பிரேக் இல்லயெண்டு சொன்ன ஜீப்புக்கு முழு விலை கேக்க உங்களுக்கு வெக்கமில்லயா?" என்று. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குறைத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு மாதம் காலையில் விளையாட்டுத் திடலில் டீச்சருக்குப் பழக்கினேன். முதல் தூரப் பயணம் மகியங்கனை வளைவுகள் வழியாகக் கண்டிக்கு. கண் டொக்டரிடம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று லேசர் ஒளிச்சிகிச்சை செய்தார்கள். இரண்டாவது பயணம் யாழ்ப்பாணம். திரும்பி வந்து போடியார் எனக்குச் சொன்ன கதைகளைக் கேட்டால், ஐந்து பேரில் அதிகம் பார்த்தவர் அவர்தான் என்று நினைப்பீர்கள். மூன்று பிள்ளைகளும் போட்டி போட்டுக்கொண்டு வழி முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் கடலின் நிறம் நீலமா பச்சையா என்ற சண்டை ஊருக்கு வந்தும் முடியவில்லை.

இதற்குப் பிறகு நம் சேலுக்கு யார் வந்தாலும் எந்த வாகனம் வேண்டும் என்று நான் முதலில் கேட்பதில்லை. யார் ஓட்டுவது, யார் ஏறுவது, எந்த வழியால் போவது என்று கேட்பேன். புதியதா பழையதா என்பது அதன் பிறகு தானாகவே வந்துவிடும். கேட்கும்போது வந்திருப்பவர்களில் எல்லோரையும் பார்த்துக் கேளுங்கள். கடைசியாக நிற்பவரையும்.

அடுத்த வருடம் சின்னப் போகம் வெட்டி முடிந்த கையோடு போடியார் என்னைச் சாகாமத்துக்குக் கூப்பிட்டார். டீச்சர் ஓட்டினார். இப்போது கோழிக்கு நிற்பதில்லை, ஹோர்ன் அடிப்பதோடு சரி. வயலைப் பார்த்துவிட்டுக் குளத்தடிக்குப் போனோம். தண்ணீர் வற்றி உள்வாங்கியிருந்தது. அடிநிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வெறுமையாக, காய்ந்து, பாய் விரித்தது போலத் தட்டையாகக் கிடந்தது. டீச்சர் ஜீப்பை அதன் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி மறுபக்கம் வந்து கணவரின் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க. அந்தப் பக்கம் போய் இருங்க."

"என்னத்துக்கு?"

"ஓடுங்க. இஞ்ச ஆரும் இல்ல."

போடியார் நம்பாமல் அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு ஜீப்பின் மூக்கைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து ஏறினார். டீச்சர் குளக்கட்டுப் பக்கம் நடந்துபோய் மருத மரத்தின் கீழே நின்றுகொண்டார்.

"றபீக் காக்கா, நீங்க பக்கத்துல இருங்க!" என்று கூவினார்.

நான் ஏறினேன். போடியார் பிரேக்கை விட்டார். ஜீப் மெல்ல நகர்ந்தது, பிறகு வேகம் எடுத்தது. தூரத்தில் கொக்குகள் கூட்டமாக எழும்பின. அவர் ஒரு பெரிய வட்டம் போட்டார், அதற்குள் ஒரு சின்ன வட்டம் போட்டார், லொறி ஓட்டிய காலத்துப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். புழுதி எங்களுக்குப் பின்னால் மரம் போல எழுந்தது.

"தம்பி, முன்னுக்கு என்ன இரிக்கி?"

நான் நன்றாகப் பார்த்தேன்.

"ஒண்டுமில்ல போடியார். ஓடுங்க."